ஊதாக் காளானைக் கொர்ட்டினேரியஸிலிருந்து வெளியேற்றலாமா?

12 அக்டோபர் 2024, வாசகர் கேள்வி

கொர்ட்டினேரியஸ் வயலேசியஸ் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். கரும் ஊதாத் தொப்பி, ஊதாத் தண்டு, வெட்டினால் உள்ளேயும் ஊதா. ஆனால் அதே பேரினத்தின் மற்றப் படங்களைப் பார்த்தால் பழுப்பு, காவி, அழுக்கு மஞ்சள். இந்த ஒன்று மட்டும் எப்படி அங்கே மாட்டிக்கொண்டது? வகைப்பாட்டாளர்களுக்குச் சோம்பல் என்று நினைக்கிறேன். இதைத் தூக்கித் தனிப் பேரினமாக வைத்துவிட வேண்டியதுதானே?

12 அக்டோபர், இரவு

தூக்க முடியாது. தூக்கினால் வெளியே போகப்போவது இது இல்லை, மற்ற இரண்டாயிரத்துச் சொச்சமும்தான்.

கொர்ட்டினேரியஸ் என்ற பேரினத்துக்கு வகைச் சிற்றினம் இந்த ஊதாக் காளான். ஒரு பேரினத்தின் பெயர் எந்தச் சிற்றினத்தோடு கட்டப்பட்டிருக்கிறதோ அதுவே வகைச் சிற்றினம். பேரினத்தை நாளைக்கு யார் எத்தனை துண்டாக வெட்டினாலும், வகைச் சிற்றினம் இருக்கும் துண்டுக்குத்தான் பழைய பெயர். மற்றத் துண்டுகள் புதுப்பெயர் தேடிக்கொள்ள வேண்டும். ஆகவே நீங்கள் கேட்பது, வீட்டுப் பத்திரம் யார் பேரில் இருக்கிறதோ அவரையே வீட்டைவிட்டுப் போகச் சொல்வது.

வகைச் சிற்றினம் என்றால் அந்தப் பேரினத்தின் சராசரி முகம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒரு நிபந்தனையே கிடையாது. வித்தியாசமான உறுப்பினரும் வகையாக இருக்கலாம். இங்கே இருப்பது அப்படித்தான்.

13 அக்டோபர், காலை

சோம்பல் என்ற குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்லாமல் விட மனசில்லை.

லின்னேயஸ் 1753-இல் இதற்கு வைத்த பெயர் அகாரிகஸ் வயலேசியஸ். அன்றைக்குத் தொப்பிக்குக் கீழே செவுள் உள்ள காளான் என்றால் பெரும்பாலும் அகாரிகஸ்தான். சமையலறைக் காளானும், விஷக் காளானும், இதுவும் ஒரே கூடையில். பிறகு பெர்சூன் என்ற காளான் ஆய்வாளர் சிலந்தி வலை போன்ற திரை உள்ளவற்றைத் தனியாகப் பார்க்கத் தொடங்கினார். 1821-இல் ஸ்வீடனின் காளான் ஆய்வாளர் ஃப்ரீஸ் அதே கூட்டத்தை அகாரிகஸுக்குள்ளேயே ஓர் உட்பிரிவாக வைத்தார். அதே ஆண்டு இங்கிலாந்தில் சாமுவேல் ஃபிரெடெரிக் கிரே துணிந்து அதைப் பேரினமாக உயர்த்தினார். இன்றும் இந்தக் காளானின் முழுப்பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் லின்னேயஸும், வெளியே கிரேயும் நிற்பது அதனால்தான்: முதலில் பெயர் சூட்டியவர் உள்ளே, இடம் மாற்றியவர் வெளியே. ஃப்ரீஸ் பின்னாளில் தானும் கொர்ட்டினேரியஸைப் பேரினமாக ஏற்றுக்கொண்டார்.

ஒரு துணைக்கதை. காளான் பெயர்களுக்குத் தொடக்க ஆண்டு நெடுங்காலம் 1821 என்றே இருந்தது. அதற்கு முந்தையவை கணக்கில் வராது. 1981-இல் சிட்னியில் கூடிய தாவரவியல் மாநாடு அந்தக் கோட்டை 1753-க்குப் பின்தள்ளியது. ஃப்ரீஸ் ஏற்ற பெயர்களுக்குத் தனிப் பாதுகாப்பு. லின்னேயஸ் பெயர் அடைப்புக்குறிக்குள் நிற்க உரிமை பெற்றது இந்தத் திருத்தத்தால். இதைச் சோம்பல் என்று சொல்லாதீர்கள். இது வேறு வியாதி.

13 அக்டோபர், மாலை

அது சரி, பெயர்ச் சட்டத்தை விடுங்கள், உயிரியல் ரீதியாக அது அங்கேதான் சேர்கிறதா என்று திருப்பிக் கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. காலையிலேயே கேட்டிருந்தால் அவ்வளவு சட்டம் பேசியிருக்க மாட்டேன்.

சேர்கிறது. இளம் காளானைக் கவிழ்த்துப் பாருங்கள். தொப்பியின் விளிம்புக்கும் தண்டுக்கும் இடையே மெல்லிய நூல்கள் வலைபோல இழுபட்டு நிற்கும். தொப்பி விரிந்ததும் அறுந்து தண்டில் ஒட்டிக்கொள்ளும். முதலில் ஊதா நூல்தான், ஸ்போர் (காளானின் விதை போன்ற தூள்) விழுந்து விழுந்து துருநிறமாகும். அடுத்தது ஸ்போர் அச்சு. வெள்ளைத் தாளில் தொப்பியைக் கவிழ்த்து, மேலே கிண்ணத்தை மூடி, இரவு முழுக்க விட்டுவிட்டுக் காலையில் எடுத்தால் தாளில் துருப்பழுப்பு. ஊதாக் காளானிலிருந்து துருத்தூள் விழுவதை முதல்முறை பார்த்தபோது யாரோ தாளை மாற்றிவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. நுண்ணோக்கியில் அந்த ஸ்போர்கள் பாதாம் வடிவில், மேற்பரப்பு முழுக்கப் பருப்பருவாக இருக்கும். மூன்றும் கொர்ட்டினேரியஸின் அடையாளங்கள். ஊதாத் தோலுக்குள் அசல் பழுப்புக் குடும்பத்துப் பிள்ளை.

14 அக்டோபர்

நேற்றைய குறிப்பைப் படித்தால் நுண்ணோக்கியில் எல்லாம் ஒன்றுபோல இருக்கும் என்று தோன்றும். அப்படியில்லை. செவுளின் விளிம்பிலும் பக்கத்திலும் குடுவை வடிவப் பெரிய செல்கள் துருத்திக்கொண்டு நிற்கும், சிஸ்டிடியா என்பார்கள். கொர்ட்டினேரியஸில் பெரும்பாலானவற்றுக்கு இவை கிடையாது. செவுளைச் சவரக் கத்தியால் மெல்லிசாகச் சீவி, ஒரு சொட்டுச் சாயம் விட்டுப் பார்த்தேன். அந்தக் குடுவைகளுக்குள் ஊதாச் சாறு தேங்கி நின்றதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். அளக்க வந்த வேலை மறந்துபோனது.

ஆக நீங்கள் "தனியாகத் தெரிகிறது" என்று சொன்னதில் ஞாயம் உண்டு. தனியாகத்தான் தெரிகிறது. வெளியே அனுப்பும் அளவுக்கு இல்லை.

14 அக்டோபர், சற்று நேரம் கழித்து

ஒருவர் கேட்கிறார்: ஊதாவாக இருந்தால் லெபிஸ்டா தானே?

இல்லை. அடுத்து.

15 அக்டோபர்

நேற்று ஒரு வரியில் தள்ளிவிட்டதற்குத் தனிமடலில் திட்டு வந்திருக்கிறது. விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இந்த இழையில் உண்மையிலேயே உபயோகமான பகுதி இதுதான்.

ஊதா நிறம் காளான்களில் தனித்தனியாகப் பலமுறை வந்திருக்கிறது. நிறத்தை வைத்துச் சொந்தம் கொண்டாட முடியாது. காட்டில் குழப்பம் தரக்கூடியவை:

லெபிஸ்டா நூடா. தொப்பி வழவழப்பு, கம்பளித்தன்மை இல்லை. ஸ்போர் அச்சு வெளிறிய இளஞ்சிவப்பு. வலைத்திரை கிடையாது. மட்கிய இலையைத் தின்று வாழ்வது. மரத்தின் வேரோடு கூட்டு வைப்பதில்லை. இதன் பேரினப் பெயரும் சும்மா இல்லை: அகாரிகஸ், லெபிஸ்டா, கிளைட்டோசைபி என்று மாறி, 2023-இல் கொலிபியா வரைக்கும் போயிருக்கிறது. கையேடுகளில் இந்தப் பெயர்களில் எது வேண்டுமானாலும் இருக்கலாம், ஆள் ஒன்றுதான்.

லக்காரியா அமெதிஸ்டினா. சிறியது, மெலிந்த நார்த்தண்டு, செவுள்கள் தடித்து இடைவெளி விட்டிருக்கும். ஸ்போர் அச்சு வெள்ளை. காய்ந்தால் வெளுத்து அடையாளமே தெரியாது. மண்ணிலுள்ள ஆர்செனிக்கைச் சேர்த்து வைக்கும் பழக்கம் வேறு இதற்கு.

மைசீனா பியூரா. முள்ளங்கி வாசனை. மஸ்கரின் நச்சு உண்டு.

இனோசைபியின் ஊதா வகை. சின்னதாக, பட்டுப்போல, பார்க்க அப்பாவி. மஸ்கரின் இதில் தாராளம். இதற்கும் இளமையில் வலைத்திரை உண்டு என்பதால் "வலை இருக்கிறது, ஆகவே கொர்ட்டினேரியஸ்" என்று முடிவு கட்டாதீர்கள்.

கடைசியாக, கொர்ட்டினேரியஸுக்குள்ளேயே இளம்பருவத்தில் மட்டும் ஊதாவாக இருந்துவிட்டு வயதானதும் பழுப்பாகிவிடும் கூட்டம். எண்ணி மாளாது. படத்தைப் பார்த்துக் காளானின் பெயர் சொல்லும் உங்கள் கைபேசிச் செயலி அதிகம் தடுமாறுவது இங்கேதான்.

முதல் நாலும் வேறு வேறு குடும்பங்கள். எல்லாம் அகாரிகேல்ஸ் வரிசைக்குள் வருகின்றன என்பதைத் தவிர நெருங்கிய உறவு என்று சொல்ல ஒன்றுமில்லை.

15 அக்டோபர், இரவு

"சாப்பிடலாமா" வந்துவிட்டது. வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

வயலேசியஸ் நச்சுள்ளதாகப் பதிவில்லை. உண்ணத்தக்கது என்றே பழைய கையேடுகள் எழுதின. ஆனால் இது கொர்ட்டினேரியஸ். இதே பேரினத்தில் ஒரெல்லானஸ் என்று ஒன்று உண்டு. 1952-இல் போலந்தில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அதைச் சாப்பிட்டு நோயுற்றார்கள், 11 பேர் இறந்தார்கள். அதுவரை அதைத் தீங்கற்றது என்றே எண்ணியிருந்தார்கள். காரணம், ஒரெல்லனின் என்ற நச்சு சிறுநீரகத்தைத் தாக்கும்; அறிகுறி தெரியவே சில நாளிலிருந்து இரண்டு வாரத்துக்கு மேலும் ஆகலாம். அதற்குள் என்ன சாப்பிட்டோம் என்பதே மறந்திருக்கும். இந்தப் பேரினத்தில் எதையும் வாயில் வைக்காதீர்கள். அதுவும் பல நாடுகளின் செம்பட்டியலில் இருக்கும் ஒரு காளானைப் பறித்து வதக்குவதற்கு வேறு காரணம் தேடவேண்டும்.

இதற்கு மேல் இந்தக் கேள்விக்குப் பதில் எழுத மாட்டேன்.

17 அக்டோபர்

நிறத்துக்கு வருகிறேன். ஒரு வேதியியல் வாசகர் "ஆந்தோசயனின் தானே" என்று போட்டிருந்தார். கத்திரிக்காய்க்குச் சரி. காளானுக்குப் பொருந்தாது.

1998-இல் ஜெர்மன் வேதியியலாளர்கள் இதைப் பிரித்துப் பார்த்தார்கள். நிறத்துக்குக் காரணம் இரும்பு. பீட்டா-டோபா என்ற அமினோ அமிலம், இரும்பின் மூன்றாம் நிலை அயனியோடு பிணைந்து ஒரு கூட்டுப்பொருளாகிறது. அதுதான் அந்தக் கரும் ஊதா. மூளை வேதியியலில் நமக்குத் தெரிந்த எல்-டோபாவின் மாற்றியம் இது, அமினோத் தொகுதி ஒரு கார்பன் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. மற்றக் காளான்களை ஒப்பிட்டால் இதில் இரும்பு ஏறத்தாழ நூறு மடங்கு.

இது வகைப்பாட்டுக்கும் உதவுகிறது. தொப்பியின் ஓரத்தில் ஒரு சொட்டுப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டால் ஊதா கலைந்து இரத்தச் சிவப்பாகும். மற்ற ஊதாக் காளான்களில் பெரும்பாலும் இப்படி ஆகாது. கையில் ஒரு சின்னப் புட்டி இருந்தால் காட்டிலேயே பாதிச் சந்தேகம் தீரும். கைக்குட்டையில் அந்தப் புட்டியைச் சுற்றிப் பையில் போடாதீர்கள். கைக்குட்டையும் பையும் போய்விடும்.

18 அக்டோபர்

இன்று எழுத ஒன்றுமில்லை. வாசனை பற்றி மட்டும்: தேவதாரு மரப்பெட்டியைத் திறந்த மாதிரி இருக்கும் என்பார்கள். எனக்கு அப்படித்தான் இருந்தது. உடன் வந்தவருக்கு வெறும் மண்வாசனை. வாசனையை அடையாளக் குறிப்பில் கடைசி வரியில் வைப்பது நல்லது.

20 அக்டோபர்

"உலகம் முழுக்க ஒரே சிற்றினமா?" என்ற கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

நெடுங்காலம் அப்படித்தான் எழுதிவந்தார்கள். ஐரோப்பா, வட அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, எங்கே கரும் ஊதாவாக ஒன்று முளைத்தாலும் சேகரிப்புச் சீட்டில் வயலேசியஸ். ஐரோப்பாவுக்குள்ளேயே முதல் விரிசல் விழுந்தது: ஊசியிலை மரங்களின் கீழே வருவதன் ஸ்போர்கள் சற்று உருண்டையாகவும், பீச், பிர்ச், ஓக் போன்ற அகன்ற இலை மரங்களின் கீழே வருவதன் ஸ்போர்கள் நீண்டும் இருந்தன. ஆஸ்திரியரான மோசர் 1960களில் ஊசியிலைக்காரனை ஹெர்சினிகஸ் என்று பிரித்தார். அதை உள்சிற்றினமாக மட்டும் ஏற்றவர்களும் இருந்தார்கள்.

பிறகு டி.என்.ஏ. 2015-இல் மைகாலஜியா இதழில் வந்த ஆய்வு (ஹாரோவர் முதலியோர்) இந்தக் கூட்டத்தை மட்டும் எடுத்துப் பல மரபணுக்களைக் கோர்த்துப் பார்த்தது. ஒன்று என்று நினைத்தது பலவாக நின்றது. இன்னும் சுவையானது அதன் பயணம். கூட்டத்தின் பிறப்பிடம் ஆஸ்திரேலிய வட்டாரம். அங்கிருந்து அமெரிக்கக் கண்டத்தின் வெப்ப மண்டலம். அதன்பின் வட அமெரிக்காவும் ஐரோப்பாவும். கிளை பிரியத் தொடங்கியது மயோசீன் காலத்தில் (ஏறத்தாழ 2.3 கோடி முதல் 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன்). கோண்டுவானா நிலப்பரப்பு உடைந்தபோது கூடவே பிரிந்தது என்று ஒரு பழைய விளக்கம் உண்டு. வயது ஒத்துவராததால் அது தள்ளப்பட்டது. கண்டங்கள் எப்போதோ விலகிவிட்டன. இது பிறகு, எப்படியோ, கடலைத் தாண்டியிருக்கிறது.

அதோடு மூதாதை பூக்கும் தாவரங்களின் வேரோடுதான் மைக்கோரைசாக் கூட்டு வைத்திருந்தது. பைன் குடும்பத்துக்குத் தாவியது பிற்காலத்தில். ஆகவே "எந்த மரத்தின் கீழே" என்ற கேள்வி இந்தக் காளானுக்கு அலங்காரக் குறிப்பு இல்லை.

20 அக்டோபர், இரவு

மேலே "எப்படியோ" என்று எழுதியது உறுத்துகிறது. ஸ்போர் காற்றில் போயிருக்கலாம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் ஸ்போர் போனால் மட்டும் போதாது. இறங்கிய இடத்தில் ஏற்ற மரத்தின் வேர் இருக்கவேண்டும், பெரும்பாலும் பொருந்தும் இன்னொரு ஸ்போரும் அருகே முளைக்கவேண்டும். மரத்தோடு கட்டுண்ட ஒரு பூஞ்சை பெருங்கடலைத் தாண்டி ஊன்றியது என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளத் தயாரில்லை. வகைப்பாட்டை விட எனக்கு இதுதான் பெரிய புதிர்.

23 அக்டோபர்

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார், வெற்றிப் புன்னகையோடு: "2022-இல் கொர்ட்டினேரியஸை உடைத்துவிட்டார்களே! நான் சொன்னது நடந்ததா இல்லையா?"

உடைத்தார்கள். லீமட்டைனன் குழு, ஃபங்கல் டைவர்சிட்டி இதழ், 2022. மரபணுத் தொகுதியை வைத்துக் குடும்பத்தைப் பத்துப் பேரினமாகப் பிரித்தார்கள்: ஃபிளெக்மேசியம், தாக்ஸ்டெரோகாஸ்டர், காலோனேரியஸ், ஆரியோனேரியஸ் என்று போகிறது. ஆனால் வெளியே போனது யார் என்று பாருங்கள். ஊதாக்காரர் நாற்காலியை விட்டு எழவேயில்லை. கொர்ட்டினேரியஸ் பேரினம், கொர்ட்டினேரியஸ் துணைப்பேரினம், கொர்ட்டினேரியஸ் பிரிவு, எல்லாம் அவர் இருக்கும் இடத்தின் பெயர். வகைச் சிற்றினம் இருக்கும் உட்பிரிவு பேரினப் பெயரையே திரும்பச் சொல்லவேண்டும் என்பது விதி. மேலே கொர்ட்டினேரியேசி குடும்பமும் அதே பெயரிலிருந்து வந்தது. ஒரு மாடியிலும் வேறு பெயர்ப்பலகை கிடையாது.

பிரித்தபின்பும் பழுப்புக்காரர்களில் பெருங்கூட்டம் அவரோடேயே தங்கிவிட்டது. அதாவது மரபணுவைக் கேட்டாலும் அவர்கள் சொந்தம்தான்.

23 அக்டோபர், பின்னிணைப்பு மாதிரி

பத்தாகப் பிரித்ததை எல்லாரும் ஏற்கவில்லை. காட்டில் கையில் வைத்துப் பார்த்துச் சொல்லமுடியாத பேரினங்களால் என்ன பயன் என்பது எதிர்த்தரப்பின் முக்கிய வாதம். பழைய பெரிய பேரினமும் ஒரே மூதாதையிலிருந்து வந்த கூட்டம்தான், உட்பிரிவாக வைத்திருந்தாலே போதுமே என்கிறார்கள். நான் இந்தப் பக்கம் சாய்கிறேன். கிளை இருக்கிறது என்று காட்டுவது மரபணுவின் வேலை. அந்தக் கிளைக்குப் பேரினம் என்ற தரம் தரவேண்டுமா என்பது மனிதர்கள் செய்யும் முடிவு. அதில் வசதிக்கும் ஒரு பங்கு உண்டு. ஆனால் ஃபிளெக்மேசியத்தைப் பற்றி என்னிடம் பேசாதீர்கள், வழவழத் தொப்பியும் கிழங்கு போன்ற அடித்தண்டும் உள்ள அந்தக் கூட்டத்தைத் தனியாகவே மனசில் வைத்துப் பழகிவிட்டேன். கொள்கையில் ஒரு சின்ன ஓட்டை.

எப்படிப் போனாலும் வயலேசியஸுக்கு இந்தச் சண்டையில் நட்டமில்லை. எந்தக் கட்சி வென்றாலும் அதன் பெயர் மாறாது.

26 அக்டோபர்

ஒரு படம் வந்திருக்கிறது. நீலமாகத் தெரிகிறதே, இது வேறு சிற்றினமா என்று.

கேமரா. ஊதாவைப் பதிவு செய்வதில் கைபேசிகள் மகா மோசம். நிழலில் எடுத்தால் நீலம், ஃப்ளாஷ் அடித்தால் கருப்பு. என்னிடம் இருக்கும் படங்களில் ஒன்றுகூட நேரில் பார்த்த நிறத்தில் இல்லை. காட்டிலும் இதே தொல்லை: நிழலான இடத்தில் அது ஊதாவாகக் கண்ணில் படாது, தரையில் ஒரு இருட்டு ஓட்டைபோல இருக்கும். முதன்முறை நான் அதைத் தாண்டிப் போய்விட்டேன், பின்னால் வந்தவர்தான் தோளைத் தட்டினார். அரிது என்ற கணக்கில் கொஞ்சம் இந்த ஓட்டைக்கும் போகவேண்டும் என்று எனக்கு ஒரு சந்தேகம். மீதி அரிது உண்மையான அரிதுதான்: பழைய காடு, கிளறப்படாத மண், வயதான மரம். வெட்டி மறுபடி நட்ட காட்டில் தேடிப் பயனில்லை.

படத்தில் இருப்பது வயலேசியஸ் கூட்டம்தான் போலிருக்கிறது. தொப்பியில் நுண்செதில்கள் தெளிவாகத் தெரிகின்றன. அந்தக் கூட்டத்தில் எது என்று படத்தைப் பார்த்துச் சொல்லமாட்டேன்.

27 அக்டோபர்

"அப்படியானால் சீட்டில் என்னதான் எழுதுவது?"

இருப்பதை எழுதுங்கள். மரம் என்னவென்று அடையாளம் தெரிந்து, அது ஐரோப்பியக் காடாகவும் இருந்து, ஸ்போரையும் அளந்திருந்தால், வயலேசியஸா ஹெர்சினிகஸா என்று தைரியமாக எழுதலாம். இல்லையென்றால் "கொர்ட்டினேரியஸ், கொர்ட்டினேரியஸ் பிரிவு" என்று நிறுத்துங்கள். கேட்க விக்கல் எடுத்த மாதிரி இருக்கும், ஆனால் அதில் பொய் இல்லை. கூடவே: சுற்றியுள்ள எல்லா மரங்களின் பெயர், இடம், தேதி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடுக்கு என்ன ஆனது, ஸ்போர் அச்சு. ஒரு துண்டைக் காயவைத்து எடுத்து வையுங்கள், காய்ந்தால் கருத்துப்போகும், கவலையில்லை. பூஞ்சைச் சேகரிப்பு உள்ள நிறுவனம் எதற்காவது கொடுத்தால் மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்வார்கள். ஆனால் பாதுகாக்கப்பட்ட காடாக இருந்தால் முதலில் அனுமதி கேளுங்கள். முழுக் கூட்டத்தையும் பிடுங்க வேண்டாம், ஒன்று போதும்.

27 அக்டோபர், இரவு

இல்லை, செயலி 98 விழுக்காடு உறுதி என்று சொன்னாலும் எழுதக்கூடாது. அதனிடம் எந்த மரம் என்று கேளுங்கள்.